உன் சட்டியைத் திருப்பி அனுப்புகிறேன்

தம்பி,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கப் போவதில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய், படத்தில் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஜெயா தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். நம் வீட்டு வாசலில் நான் ஓர் அட்டைப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறேன். நீ என் தோளில் கை போட்டுச் சிரிக்கிறாய். படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாய்: அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, சமையலில் ஒரு விபத்து நடந்தது, கடவுள் காப்பாற்றினார், இனிமேல் ஸ்லோ குக்கர் இருப்பதால் பயமில்லை. அதற்குக் கீழே ஊரே கூடி நின்று உன்னைக் கும்பிட்டிருக்கிறது. தங்கமான பிள்ளையாம். பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்களாம். உன்னோடு படித்தவர்கள், உன் ஆபீஸ்காரர்கள், ராகலையில் இருக்கும் உன் மாமா வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். என்னைப் பற்றி நீ ஊரறியச் சொன்னாய், அதனால் நானும் ஊரறியவே எழுதுகிறேன். உன் காதில் மட்டும் சொன்னால் வழக்கம்போல "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாய்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் ஒரு பார்சல் உன் வீட்டுக்கு வந்திருக்கும். மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் கொடுத்து விட்டேன். நீ கொண்டுவந்த அதே கரண்ட் சட்டி, அதே பெட்டி, அதே வெள்ளைப் பஞ்சு, அதே கயிறு. கழுவித் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். கண்ணாடி மூடி இருக்கிறது, பார்த்துத் திற. எதையும் பொறுத்துத் திறக்கிற பழக்கம் உனக்கு இல்லை என்பதால் சொல்கிறேன்.

உன் நண்பர்கள் என்னை அறிய மாட்டார்கள் என்பதால் அவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற லொறி ஓட்டியவன். நெஞ்சு ஒரு தடவை அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு, இனி லொறி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அம்மா இன்னும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறாள். விடிந்ததும் பெரட்டுக் களத்துக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்து, எந்த மலை என்று கேட்டு, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினால், மத்தியானம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவாள். சாப்பிடக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். இறங்குகிறபோது சோறு தயாராக இருந்தால் உட்கார்ந்து சாப்பிடலாம், இல்லாவிட்டால் நின்றுகொண்டே ரொட்டியைத் தின்றுவிட்டுத் திரும்ப ஏற வேண்டும். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் நின்றுகொண்டுதான் தின்றாள். நான் வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு அவளை உட்கார வைத்தேன். ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு ஒட்டிக் கிடக்கிற லயத்தில் ஆம்பிளை சமைத்தால் சிரிப்பார்கள். சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டுக் குழம்பு கேட்டு வந்தார்கள்.

அப்படி அவளை உட்கார வைத்தது நம் வீட்டுப் பிரெஷர் குக்கர். நம் மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் அந்தக் கொதிப்பில் சூடு போதாது. திறந்த சட்டியில் கடலையைப் போட்டால் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் கொதித்துவிட்டு, போட்டது போலவே கிடக்கும். குக்கரில் போட்டால் பத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி நாலு தடவை கத்திவிட்டு வெந்துவிடும். நம் லயத்துச் சுவர்களைப் பற்றி உனக்குத் தெரியும், ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீடு தள்ளி இருப்பவர்கள் வாழ்த்துவார்கள். விசில் அதைவிடத் தூரம் போகும். லயத்துக்கு மேலே இருக்கிற மலையிலும், ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையிலும் கொழுந்து எடுக்கிற நாள்களில் உன் அம்மாவுக்கு அது நன்றாகக் கேட்கும். அவள் அதை எதற்குக் கேட்டாள் என்பது உனக்குத் தெரியாது, நீ கேட்டதும் இல்லை.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவளுக்கு மலையில் கை ஓடவில்லை. தனியாகக் கிடக்கிற மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரே யோசனை. பாதி மலையில் இருந்துகொண்டு எனக்குப் போன் எடுப்பாள். லைன் கிடைக்காது. கிடைத்தாலும் நான் பின்பக்கம் இருந்தால் எனக்குக் கேட்காது. ஒரு நாள் குக்கர் விசில் அடித்தபோது ஜெயாதான் சொன்னாளாம், "அக்கா, அண்ணே சமைக்கிறாரு. செத்தவரு சமைப்பாரா? பேசாம கொழுந்த எடு." எல்லாரும் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முதல் விசில் அடித்தால் உன் அம்மா நிமிர்ந்து ஒரு தடவை கீழே பார்ப்பாள், பிறகு நிம்மதியாகக் கொழுந்து எடுப்பாள். கடைசி விசில் அடித்தால் மற்றப் பெண்களும் படங்கை உதறத் தொடங்கிவிடுவார்கள். கங்காணி என்னிடமே வந்து சண்டை பிடித்தார். "நான் எறங்கச் சொல்றதுக்கு முன்னாடி ஒங்க குக்கரு எறங்கச் சொல்லுது. பேசாம அதுக்குச் சம்பளம் போடச் சொல்லுங்க" என்றார். அதன் பிறகு அவருக்காகக் கொஞ்சம் பிந்தி அடுப்பை மூட்டினேன். விசில் எட்டாத தூர மலைகளுக்கு அவள் போகிற நாள்களும் உண்டு, ஆனால் அவை குறைவு.

இனி உன் நாளுக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்து முதல் தடவையாக நீயும் உன் மனைவியும் இங்கே வந்து தங்கினீர்கள். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், பனி இறங்குவதற்குள் ஹட்டனைத் தாண்ட வேண்டும் என்று நீ காலையிலிருந்தே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பிடிக்கும் என்று கடலை போட்டிருந்தேன். விசில் அடித்து முடிந்து அடுப்பை அணைத்து வைத்திருந்தேன். அம்மா இறங்கி வரட்டும், அதற்குள் ஆவி தானாக அடங்கும் என்றேன். நீ அடுப்படிக்கு வந்தாய்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?"

"செத்த பொறு. ஆவி போகட்டும்."

"நீங்க ஒன்னு. இத தூக்கி விட்டா போயிரும்."

கரண்டியால் விசிலைத் தூக்கினாய். ஆவி கொஞ்சம் சீறிவிட்டு நின்றுவிட்டது. ஆவி போய்விட்டது என்று நீ நினைத்தாய். கடலைத் தோல் போய்த் துவாரத்தை அடைத்துக்கொண்டால் அப்படித்தான் நிற்கும், உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். "தொடாத" என்று நான் சொன்னது உன் காதில் விழுந்தது. விழுந்ததும்தான் நீ பிடியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாய். மூடி அசைந்ததும் நான் குறுக்கே கை நீட்டி உன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இழுத்த கை உன் முகத்துக்கும் குக்கருக்கும் நடுவே இருந்தது. கடலை கூரைத் தகரத்தில் போய் அடித்தது. தண்ணீர் என் கையில் கொட்டியது. உன் மேல் ஒரு சொட்டுப் படவில்லை. அந்தக் கையைப் பற்றி நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

உன் மனைவி முன்னறையிலிருந்து ஓடி வந்தாள். அதே நேரத்தில் உன் அம்மா வாசலில் வந்து நின்றாள். கூரையிலிருந்து கடலை ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கிறது. நான் கையை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு நிற்கிறேன். "ஐயோ, என்னாச்சு?" என்று உன் அம்மா கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய். "அப்பாவுக்குக் கை நடுங்கிருச்சும்மா. ஆவி போறதுக்குள்ள தொறந்துட்டாரு. நல்லவேளை, நான் பக்கத்துல இருந்தேன்."

நல்லவேளையாம். நான் உன்னைப் பார்த்தேன். நீ கீழே சிந்திக் கிடந்த கடலையைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்து இன்னும் பழகாத மருமகள் முன்னால், "இவன் பொய் சொல்றான்" என்று பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. வழியில் காரில் நினைத்துப் பார்ப்பாய், வீட்டுக்குப் போனதும் போன் எடுத்து "அம்மா, நான்தான்" என்று சொல்வாய் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் நீ போன் எடுத்தாய். அப்பாவை அடுப்புப் பக்கம் விடாதீர்கள் என்று அம்மாவுக்குச் சொல்லத்தான் எடுத்தாய்.

பொய் சொல்லாத பிள்ளை உலகத்தில் இல்லை. சின்ன வயதில் நீ மாங்காய் திருடிவிட்டு ஜெயாவின் தம்பி மேல் சொன்னவன்தான், அதற்கெல்லாம் யாரும் கடிதம் எழுதுவதில்லை. ஒரு பயத்தில் வாயில் வந்த பொய்யை நான் மன்னித்திருப்பேன். நீ அந்தப் பொய்க்கு வீடு கட்டிக் கூரையும் போட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பத்துப் பதினைந்து நாளில் திரும்பவும் வந்தாய். காரிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினாய், படம் எடுத்தாய். நம் கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் காரின் பின்னால் ஏற்றினாய். பிரெஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் ஜெயாவிடம் கொடுத்தாய். பின்பக்கத்து விறகடுப்பை நீ முன்னமே இடித்து டைல்ஸ் பதித்திருந்தாய், வீடு புகைகிறது என்று. ஒரு மனுஷன் தன் சொந்த வீட்டில் நெருப்பு மூட்ட ஒரு வழி இல்லாமல் ஆக்கிவிட்டு, "அப்பா, இதுல ஒரு பயமும் இல்ல. சுவிட்சப் போட்டுட்டு நீங்க படுத்துக்கலாம்" என்றாய். பக்கத்தில் நின்ற உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று.

நான் வீம்புக்காக அந்தச் சட்டியை மூலையில் போட்டு வைக்கவில்லை. நீ கொண்டுவந்தது என்பதற்காகவே உண்மையாகச் சமைத்துப் பார்த்தேன். நியாயத்தைச் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு போட்டபோது நன்றாக வந்தது. காலையில் போட்டது சாயங்காலம் எலும்பைத் தொட்டதும் இறைச்சி கழன்று விழுந்தது. உன் அம்மா இரண்டு தடவை சாறு வாங்கிக் குடித்தாள். கொழும்பில் புருஷனும் பெஞ்சாதியும் காலையில் வேலைக்குப் போய் இருட்டின பிறகு வருகிற வீட்டுக்கு அது பொருத்தமான சட்டிதான். கரண்ட் போகாது, காத்துக் கிடக்க ஆள் இல்லை, வந்து கதவைத் திறந்தால் சாப்பாடு இருக்கும். உன் வீட்டுக்கு அதை வைத்துக்கொள், உன் மனைவி களைத்துப் போய் வருகிறவள். அது கெட்ட சாமான் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் நம் லயத்துக் கரண்ட் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், அந்த வெளிச்சத்தில்தானே படித்தாய்? நாலாவது வீட்டில் தண்ணீர் சுட வைக்கக் கேத்தல் போட்டால் நம் வீட்டு பல்பு மங்கும். காற்று அடித்து ஒரு சவுக்குக் கிளை கம்பியில் விழுந்தால் அன்று முழுக்க இருட்டு. கௌபிப் பயற்றைப் போட்டு மூன்று மணி நேரம் கழித்துக் கரண்ட் போனால் அந்தச் சட்டிக்குள் இருப்பது சோறுமில்லை, விதையுமில்லை. குளிரில் அதுவும் சீக்கிரம் ஆறிவிடும். கடலையைக் காலையில் போட்டால் அம்மா மத்தியானம் இறங்குகிறபோது அது பல்லில் கல்லாகக் கடிபடும். அவள் திரும்பவும் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபடி தின்னத் தொடங்கினாள். எந்தச் சட்டி நல்லது என்று கடைக்காரனிடம் கேட்டு வாங்கினாய். அந்த வீட்டில் யாருக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே.

இதுகூடப் பெரிதில்லை. அந்தச் சட்டி சத்தம் போடாது. காலையிலிருந்து மத்தியானம் வரை உன் அம்மா மலையில் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். முன்பு என் நெஞ்சைப் பற்றி மட்டும்தான் அவளுக்குப் பயம். இப்போது நீ கையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாய். கை நடுங்குகிற மனுஷன், நெஞ்சு அடைத்த மனுஷன், கீழே ஒரு சத்தமும் இல்லை. கங்காணியிடம் சொல்லிவிட்டு நடுவில் இறங்கி வந்து ஜன்னலால் எட்டிப் பார்ப்பாள். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். "ஒன்னுமில்ல, தண்ணி குடிக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறுவாள். தண்ணீர்ப் போத்தல் அவள் இடுப்பிலேயே தொங்கும். அந்தக் கிழமைகளில் அவளுடைய கொழுந்து நிறை குறைந்துகொண்டே போனதைக் கங்காணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிறகு அந்தக் காற்று நாள். மேல் மலையில் கொழுந்து. நான் கௌபி போட்டிருந்தேன், கரண்ட் போய்விட்டது. அவளுக்கு மத்தியானத்துக்கு ஒன்றுமில்லாமல் போய்விடுமே என்று உன் சட்டிக்குள் இருந்த அரைவேக்காட்டைத் தூக்கிக்கொண்டு, விறகடுப்பு வைத்திருக்கிற கடைசி வீட்டுக்குப் போனேன். போனை நம் வீட்டு மேசையில் வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் எடுத்திருக்கிறாள். திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறாள். அது மேசையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஜெயா எனக்குப் பிறகு சொன்னாள்: "அண்ணே, அக்கா போன காதுல வச்சபடியே ஓட ஆரம்பிச்சிருச்சு. பாதையால போக்கான்னு கத்துனேன். காதுல வாங்கல. செடிக்குள்ள பூந்து நேரா எறங்குச்சு. ஈரம். கான் இருந்தத பாக்கல." தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. முறிந்த கையோடு எழுந்து வீட்டுக்கு ஓடி வந்து, நான் இல்லாத வீட்டைப் பார்த்து அவள் போட்ட சத்தம் கடைசி வீட்டில் இருந்த எனக்குக் கேட்டது. நான் கௌபிச் சட்டியோடு ஓடி வந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒங்களுக்கு ஒன்னுமில்லயே?" என்றுதான் கேட்டாள். அதைக் கேட்டபோது உன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்றே நீ போன் எடுத்தாய். "இதுக்குத்தான் நான் சொல்றேன். பேர வெட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. அப்பாவ வச்சுக்கிட்டு அங்க இருக்க முடியாது." இத்தனை வருஷமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் முடியாது என்று சொன்னவள், இந்தத் தடவை சரி என்று சொல்லிவிட்டாள். கட்டைப் பிரித்ததும் தோட்டத்து ஆபீசுக்குப் போய் வேலைக்காரர் பதிவிலிருந்து தன் பேரை வெட்டச் சொல்லப் போகிறாள். பேரை வெட்டினால் திரும்பப் பதிய முடியாது. தோட்டத்தில் பேர் இல்லாதவர்களை லயத்து வீட்டில் எத்தனை நாளைக்கு இருக்க விடுவார்கள் என்பது நீயும் நானும் அறிந்த விஷயம். நீ இதைத்தான் விரும்பினாய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உன் பொய் உனக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது.

மலை வேலையை நான் பெரிதாகப் பேசப் போவதில்லை. அட்டைக் கடியிலும் மழையிலும் அழகு ஒன்றும் கிடையாது. அந்த வேலை உன் அம்மாவின் முதுகைத் தின்றிருக்கிறது, முழங்காலைத் தின்றிருக்கிறது. நாளைக்கே அவள் "எனக்கு முதுகு வலிக்குது, நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன்" என்று சொன்னால் நானே ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவேன், உன் வீட்டுக்கும் வருவேன், உன் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து அடுத்த கட்டடத்தின் சுவரையும் பார்ப்பேன். ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. "ஒங்களத் தனியா விட்டுட்டு நான் மலைக்குப் போக மாட்டேன்" என்கிறாள். தன் முதுகுக்காக விடாத வேலையை, நடுங்காத என் கைக்காக விடப் போகிறாள்.

நீங்கள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். சொன்னேன். அவள் கட்டுப் போட்டு வந்த மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் வலது கையைத் தன் நல்ல கையால் எடுத்து, தழும்பைத் தடவினாள். "அப்ப இது எப்புடி ஒங்க கையில வந்துச்சு? அவன் தொறந்திருந்தா அவன் மேலதான பட்டிருக்கணும்?" என்றாள். உன்னை இழுத்தபோது பட்டது என்றேன். "போதுங்க. வயசானா கை நடுங்கத்தான் செய்யும், அதுல என்ன வெக்கம்? அதுக்காகப் புள்ள மேல பழி போடாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். நீ எனக்குச் செய்ததிலேயே பெரியது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். உன் முகத்தைக் காப்பாற்றிய கை, உன் பொய்க்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் தழும்பைப் பார்க்கிறவர்கள் யாரும் என்னை நம்ப மாட்டார்கள். ராகலை மாமா போன் எடுத்து, கைநடுக்கத்துக்கு நல்ல மருந்து இருக்கிறது, அனுப்பவா என்று கேட்கிறார்.

ஆகவே என் சொல் இங்கே செல்லாது, உன் சொல்தான் செல்லும். நீ பணம் அனுப்ப வேண்டாம், இன்னொரு சட்டி வாங்க வேண்டாம், படம் போட வேண்டாம். என்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டாம், அது உன் வாயிலிருந்து வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் அம்மா ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து, "மூடிய நான்தாம்மா தொறந்தேன், அப்பா இல்ல" என்று சொல். போனில் சொல்லாதே. போனில் சொன்னால் நான் உன்னை மிரட்டிச் சொல்ல வைத்தேன் என்று நினைப்பாள். உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. நீ தப்பே செய்யாதவன் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி உன்னோடு வாழ்வது அவளுக்கும் நல்லதல்ல. நாளைக்கு உன் வீட்டில் ஏதாவது வெடித்தால் பழியைத் தூக்கிக்கொள்ள நான் அங்கே இருக்க மாட்டேன், பக்கத்தில் நிற்பது அவள்தான். உண்மையைக் கேட்ட பிறகும் உன் அம்மா பேரை வெட்டுவதென்றால் வெட்டட்டும். அது அவள் முடிவு.

பிரெஷர் குக்கரை ஜெயா திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ஒங்க மகன் குடுக்கயில வேணாம்னு சொல்ல முடியலண்ணே. எடுத்து வச்சதோட சரி, ஒரு நாளும் அடுப்புல ஏத்தல" என்றாள். அவளுடைய பழைய மண்ணெண்ணெய் அடுப்பையும் கொடுத்தாள். இப்போது தினமும் அதில்தான் சமைக்கிறேன். நேற்று கடலை போட்டேன். உன் அம்மா கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு முன்னறையில் படுத்திருந்தாள். நடுவில் ஒரு சுவர்தான். முதல் விசில் அடித்தது. பழைய ஞாபகத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"என்னாங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருக்கேன்" என்றேன்.

அடுத்த விசில் அடித்தது. "என்னாங்க?" என்றாள் திரும்பவும்.

"இருக்கேன், படு."

அதற்கடுத்த விசிலுக்கு அவள் கூப்பிடவில்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையில் நின்றுகொண்டு என்னை நம்பியவள் அவள். உன் சட்டியை என்னால் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்ப முடிந்தது. அவள் கண்ணில் நீ வைத்துவிட்டுப் போன இந்தப் பயத்தை நீதான் வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அப்பா